தம்பலகாமத்துக் களையும் களைநாசினியும்

திருகோணமலையின் வரலாறென்றால் துறைமுகத்தையும் கோட்டையையும் கப்பற்படைகளையுமே எழுதிப் பழகிவிட்டோம். கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் தம்பலகாமத்து நெல்வயல்களுக்கும் வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி, களையோடு மனிதர் நடத்திய போராட்டம்.

முன்னாளில் அப்போராட்டத்தின் முதற் கருவி நீர். சேறாக உழுது நீரைத் தேக்கினால் புல்விதைகளிற் பல முளைக்கமாட்டா. எஞ்சியவற்றைப் பெண்கள் குனிந்து நின்று கையாற் பிடுங்கினர். அதனைப் பொற்காலமென்று புகழ நாம் முன்வரவில்லை. அது அப்பெண்களின் முதுகெலும்பின்மேல் நின்ற முறை.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்திற் குண்டு வீசின. அதே போர்க்காலத்தில் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பகைவரின் பயிரை அழிக்கும் வழிகளையும் ஆய்வுகூடங்கள் தேடிக்கொண்டிருந்தன. அத்தேட்டத்தில் வளர்ந்த 2,4-டி, போர் முடிந்ததும் களைநாசினியாகச் சந்தைக்கு வந்தது. அது அகன்ற இலைக் களைகளைக் கொன்றது, புல்லை விட்டுவிட்டது. பின்னர் வந்த புரொப்பனில் புல்லையும் கொன்றது.

நம் மாணவர் ஊன்றிக் கற்கவேண்டியது இந்தப் புரொப்பனிலின் கதையே. நெற்பயிரிலுள்ள ஒரு நொதி அந்நஞ்சைச் சிதைத்துவிடும், நெல் பிழைக்கும். குதிரைவாலிப் புல்லில் அந்நொதி போதாது, புல் மடியும். ஆனால் ஆயிரமாயிரம் புற்களுள் நஞ்சைத் தாங்கவல்ல சில தப்பின. போகந்தோறும் அதே மருந்தைத் தெளிக்க, தப்பியவற்றின் விதையே வயலில் மிகுந்தது. 1990களின் இறுதிக்குள் இலங்கையிலும் இத்தகைய புல் கண்டறியப்பட்டது. மருந்துக்குமேல் மருந்து, கடனுக்குமேல் கடன்!

மண்ணின் நிலை என்ன? கிளைபோசேற்று களிமண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நுண்ணுயிர்கள் அதனை மெல்லச் சிதைக்கும். ஒரே போகத்தில் மண் செத்துவிடும் என்போர் மிகைப்படுத்துகின்றனர். எனினும் சிதைவின் எச்சம் நெடுநாள் தங்கும். இடைவிடாது தெளித்தால் நுண்ணுயிர்க் கூட்டத்தின் இயல்பும் மாறக்கூடும்.

உலர்வலயத்துச் சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் 2015இல் அரசு கிளைபோசேற்றைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களித்தது. தோட்டக் கம்பனிகளின் குரலைக் கேட்ட காது, நெல்விளைவிப்போன் குரலைக் கேட்கவில்லை! 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தோடு கமத்தொழில் நஞ்சுகளின் இறக்குமதியும் ஒரே கட்டளையில் நிறுத்தப்பட்டது. நவம்பரில் அக்கட்டளை மீட்கப்பட்டது. 2022இல் கிளைபோசேற்றுத் தடையும் நீங்கிற்று.

கட்டளைகள் வந்த வேகத்தில் மாற்றுவழி வயலுக்கு வரவில்லை. வாய்க்காலின் கடைசி வயலுக்கு நீர் பிந்தினால் களை முந்திக்கொள்கிறது. களையெடுக்கக் கூலி கொடுக்க இயலாத குத்தகைக்காரன், மருந்துப் போத்தலைத்தான் திறக்கிறான்.