படாஸ்கர் தீர்வு
சென்னை, ஆந்திர மாநிலங்களுக்கிடையிலான எல்லைத் தகராறைத் தீர்த்த சமரசத் திட்டம். 1953-இல் ஆந்திரம் பிரிந்தபோது திருத்தணி உள்ளிட்ட சித்தூர் மாவட்டம் அதனுடன் சென்றது. ம.பொ.சிவஞானத்தின் தமிழரசுக் கழகம் இதை எதிர்த்து வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது. நடுவரான எச்.வி.படாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டு, பெரும்பான்மை மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்து எல்லை வகுத்தார். இரு மாநில அரசுகளும் இசைந்ததே திட்டத்தின் உண்மையான பலம். இசைவில்லாத மகாராஷ்டிர, கர்நாடக மாநிலங்களின் பெல்காம் எல்லைத் தகராறு இன்றும் நீள்கிறது. நாடாளுமன்றம் 1959-இல் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இன்று அது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களின் சில பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சத்தியவேடு அவற்றுள் ஒன்று. ம.பொ.சி. கோரிய திருப்பதி கிடைக்கவில்லை.