வேலியே பயிரை மேய்ந்த கதை: கியோத்தோ பல்கலைக்கழகம், 2021



‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்ற தொடருக்கு நம்ம மாணவர்கள் எழுதும் எடுத்துக்காட்டு பெரும்பாலும் ஒன்றுதான்: திருடனாக மாறிய காவலாளி. இந்த முறை வேறொரு காவலாளியைப் பார்ப்போம். நடந்த இடம் ஜப்பான். காவலாளி ஒரு கணினி நிரல்.

அதற்கு முன் கொஞ்சம் பின்னோக்கிப் போகணும். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பலர் ஒரே நேரத்தில் ஒரு கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தத் தொடங்கினார்கள். துளையிட்ட அட்டைக் கட்டைத் தன் கையோடு தூக்கிக்கொண்டு போனவர், இனித் தன் வேலையைப் பொதுவான வட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டும். அந்த வட்டு கெட்டுப்போனால் எல்லாருடைய உழைப்பும் போச்சு. ஆகவே, காந்த நாடாக்களில் நகலெடுத்து வைத்தார்கள். டேலி, நியூமன் இருவரும் 1965இல் வெளியிட்ட கட்டுரை, புதிதாக வந்த கோப்புகளையும் மாறிய கோப்புகளையும் மட்டும் அவ்வப்போது நகலெடுக்கும் முறையை விளக்குகிறது. இந்த முறையை மனத்தில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

நகல் எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். 2002 நவம்பர் 20ஆம் நாள் நெதர்லாந்தின் துவெந்தே பல்கலைக்கழகத்தில் கணினி மையம் இருந்த கட்டடம் தீப்பற்றி எரிந்தது. அறைக்குள் எத்தனை நகல் இருந்தாலும் நெருப்புக்கு எல்லாம் ஒன்றுதான்.

கியோத்தோவில் நெருப்பும் இல்லை, திருடனும் இல்லை. 1897இல் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகம் அது. ஜப்பானின் முதல் நோபல் பரிசாளரான இயற்பியலாளர் யுகாவா படித்ததும் கற்பித்ததும் அங்கேதான். அதன் மீத்திறன் கணினியில் ஆய்வாளர்கள் சேமிக்கும் கோப்புகளுக்குக் காப்பு எடுக்கும் நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கணினியை வழங்கிய ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம்தான் அந்த நிரலையும் பார்த்துக்கொண்டது. நிரலுக்கு ஒரு சின்ன துப்புரவு வேலையும் உண்டு: 10 நாளுக்கு மேல் பழசான பதிவுக் குறிப்புகளை அழிப்பது.

2021 டிசம்பரில் அந்த நிரலைத் திருத்தினார்கள். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று சில பெயர்களை மாற்றினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதியதைப் போட்டுவிட்டார்கள். இவ்வகை நிரலைக் கணினி முழுதாகப் படித்துவிட்டு வேலையைத் தொடங்குவதில்லை. படிக்கப் படிக்கச் செய்துகொண்டே போகும்.

வகுப்பறைக் கணக்கில் சொன்னால் இப்படி. மாணவன் ஒருவன் தாளைப் பார்த்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசிக்கிறான். மேல்பகுதியில், ‘குப்பை அலமாரி என்பது மூலையில் இருப்பது’ என்று படித்துவிட்டான். பாதியில் யாரோ தாளை மாற்றிவிட, கீழ்ப்பகுதியில், ‘பழைய தாள் அலமாரியில் உள்ள பழசை எல்லாம் எறி’ என்று இருக்கிறது. அது எந்த அலமாரி? புதுத் தாளின் மேல்பகுதியை அவன் படிக்கவே இல்லையே! மனிதன் என்றால் நின்று, “எது டீச்சர்?” என்று கேட்பான். கணினி கேட்கவில்லை. பெயர் இருக்க வேண்டிய இடம் வெற்றிடமாக, ஆய்வுக் கோப்புகள் இருந்த இடத்திலேயே பழசைத் தேடித்தேடி அழித்தது.

டிசம்பர் 14 மாலை தொடங்கி 16 நண்பகல்வரை அழிந்தவை ஏறத்தாழ 77 டெராபைட், அதாவது 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள். நம் நாட்டு வழக்கில் 34 மில்லியன். 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அண்மையில் கைபட்ட கோப்புகள் தப்பின. முடித்து, பத்திரமாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தவைதான் போயின. அதுதான் எனக்கு மிகவும் வலிக்கிறது.

காப்பிலிருந்து மீட்கலாமே என்பீர்கள். 10 குழுக்களுக்கு அப்படி வழி இருந்தது. 4 குழுக்களுக்கு இல்லை. அவர்கள் என்ன ஆராய்ந்துகொண்டிருந்தார்கள் என்று செய்தி அறிக்கைகள் பெரிதாகப் பேசவில்லை, எண்ணிக்கையைத்தான் பேசின.

ஹியூலட் பேக்கர்ட் நிறுவனம் முழுப் பொறுப்பும் தன்னுடையதே என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. ‘தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் கோளாறு’ என்று மழுப்பவில்லை. தேர்வில் ‘பொறுப்புடைமை’ பற்றி எழுதும் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகம் காப்பு எடுப்பதையே தற்காலிகமாக நிறுத்தியது. மீண்டும் தொடங்கும்போது, கண்ணாடிப் பிம்பம்போல் அப்படியே எடுக்கும் நகலோடு, மாறியவற்றை மட்டும் எடுக்கும் நகலையும் சில காலம் வைத்திருப்பதாக அறிவித்தது. பிம்பத்தின் சிக்கல் தெரிகிறதா? மூலத்தில் ஒன்று அழிந்தால், அடுத்த முறை பிம்பத்திலும் அது இருக்காது. அன்று நாடாவில் செய்த அதே வேலைக்குத்தான் 2022இல் திரும்பினார்கள்.

அந்த அறிவிப்பிலேயே பயனாளர்களுக்கு இன்னொரு வேண்டுகோளும் இருந்தது: முக்கியமான கோப்புகளை வேறொரு கணினியிலும் நீங்களே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.