பட்டியலில் இல்லாத இருவர்

1989 மே மாதம் கால்கரி ஃபிளேம்ஸ் அணி முதன்முறையாக ஐஸ் ஹாக்கியின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த ஆண்டின் நாக் அவுட் சுற்றுகளில் வேறு எவரையும்விட அதிகமாக, 16 கோல் அடித்தவர் ஜோ மல்லென். 2004 ஜூனில் அதே அணிக்கு இரண்டாவது கோப்பை கிடைக்க இன்னும் ஒரே ஒரு வெற்றிதான் தேவைப்பட்டது. சொந்த ஊர் அரங்கில் ஆறாவது ஆட்டம் இரண்டாம் கூடுதல் நேரத்துக்குப் போயிருந்தது. அந்த நேரம் தொடங்கிய 33ஆம் விநாடியில் கோல் அடித்து ஊரையே வாயடைக்கச் செய்தவர் டாம்பா பே லைட்னிங் அணியின் மார்ட்டின் சான் லூயி. இரண்டு நாள் கழித்து ஏழாவது ஆட்டத்தையும் கோப்பையையும் டாம்பா எடுத்துக்கொண்டது. கால்கரிக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் ஒருவர், கைக்கு வந்ததைத் தட்டிவிட்டவர் இன்னொருவர். இந்த இருவரையுமே, வட அமெரிக்க லீக்கான என்எச்எல்லின் அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், எந்த அணியும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

புள்ளிவிவரங்களை மட்டும் பார்த்தால் இருவரும் ஏறக்குறைய இரட்டையர்கள். ஐஸ் ஹாக்கியில் கோல் அடித்தாலும், கோலுக்குப் பாஸ் கொடுத்தாலும் ஒரு புள்ளி. மல்லென் 1,062 ஆட்டங்களில் 1,063 புள்ளி சேர்த்தார். சான் லூயி 1,134 ஆட்டங்களில் 1,033. மல்லெனின் உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், சான் லூயியின் உயரம் அதிலும் ஓர் அங்குலம் குறைவு. இருவரும் வலப்புற முன்கள வீரர்கள். இருவரும் அமெரிக்கக் கல்லூரி அணிகளில் நான்காண்டு ஆடியவர்கள். முப்பது கோலைத் தாண்டிய முதல் பருவம் இருவருக்கும் 27 வயதில்தான் வந்தது. இப்படி இன்னும் அடுக்கலாம்; ஆனால் அந்த அடுக்கில் எனக்கு ஆர்வம் குறைவு. டிராஃப்டின் கதவு இருவருக்கும் திறக்கவில்லை என்பது ஒற்றுமை. திறக்காததன் காரணமோ ஒன்றுக்கொன்று நேர் எதிர். மல்லென் எவர் கண்ணிலும் படவில்லை. சான் லூயி எல்லோர் கண்ணிலும் பட்டார்; பார்த்தவர்கள்தான் வேண்டாம் என்றார்கள்.

மல்லென் வளர்ந்தது நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில். தந்தைக்கு மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் வேலை. பெரிய லீக் ஆடும் பனித்தளம் அவ்வளவு அருகில் இருந்தும், மகன் ஹாக்கி கற்றது தெருவின் கரடுமுரடான தரையில், ரோலர் ஸ்கேட்டில், எலெக்ட்ரிக்கல் டேப் சுருளை வட்டாக வைத்துக்கொண்டு. அன்றைய ஸ்கவுட்டுகள் கனடாவின் ஜூனியர் லீக்குகளைத்தான் சல்லடை போட்டுத் தேடினார்கள். மன்ஹாட்டன் தெருவிலிருந்து ஒரு ஹாக்கி வீரன் வருவான் என்று எதிர்பார்க்க அவர்களுக்கு எந்தக் காரணமும் இல்லை. 1977 டிராஃப்டில் 185 பேர் அழைக்கப்பட்டார்கள். அப்போது பாஸ்டன் கல்லூரிக்கு ஆடிக்கொண்டிருந்த மல்லெனுக்கு 20 வயது. மூன்றே ஆண்டில் நிலைமை மாறியது. 1980 ஒலிம்பிக்கில் கல்லூரி மாணவர்களைக் கொண்ட அமெரிக்க அணி தங்கம் வென்றது. அந்தக் கோடையில் மல்லெனின் தம்பி பிரையனை வின்னிபெக் ஜெட்ஸ் டிராஃப்டில் எடுத்தது. ஒரே வீடு, ஒரே தெரு. மாறியது பார்க்கும் திசைதான்.

சான் லூயிக்கு அந்தச் சமாதானம் கிடையாது. அவர் பிறந்த லவால், மாண்ட்ரியலை ஒட்டிய ஊர். ஹாக்கிக்காரர்கள் இரவும் பகலும் உலவும் பகுதி அது. 1993 டிராஃப்ட் நடந்ததும் அவருடைய சொந்த மாகாணத்தில், கியூபெக் நகரில். அன்று வாசிக்கப்பட்டவை 286 பெயர்கள். முதலாவதாக அழைக்கப்பட்ட அலெக்சாண்டர் டேக் அதே மாகாணத்தவர், அதே 1975இல் பிறந்தவர். 286இல் சான் லூயி இல்லை. பின்வந்த ஆண்டுகளின் பட்டியல்களிலும் இல்லை. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் அவர் ஆடிய ஆட்டம் மறைவில் நடந்ததல்ல. கல்லூரி ஹாக்கியின் தலைசிறந்த வீரருக்கான ஹோபி பேக்கர் விருதின் இறுதிப்பட்டியலில் மூன்று முறை இடம்பெற்றார். 1996இல் அவருடைய அணி தேசிய அளவில் கடைசி நான்கில் ஒன்றாக நின்றது. ஸ்கவுட்டுகள் வந்தார்கள், பார்த்தார்கள், உயரத்தைக் குறித்துக்கொண்டு போனார்கள். டேக் பிற்பாடு 616 ஆட்டங்களில் 327 புள்ளியோடு நின்றார். அவரை ஏளனம் செய்ய இதைச் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பையனின் எதிர்காலத்தைக் கணிப்பதாகச் சொல்லும் எந்தத் தொழிலும் இந்த அளவுக்கேனும் தவறத்தான் செய்யும்.

டிராஃப்டில் எடுக்கப்படாதவனுக்கு உண்மையில் எது இல்லாமல் போகிறது என்பதையும் இங்கே யோசிக்கலாம். பணம் குறைவு என்பது வெளிப்படை. அதைவிடப் பெரிய இழப்பு, அணிக்குள் அவனுக்காகப் பேச ஆள் இல்லாமல் போவது. சம்பந்தம் பேசி முடித்தவர் மாப்பிள்ளையை எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டார். மாப்பிள்ளை சரியில்லை என்றால் பேசியவரின் மானமும் சேர்ந்து போகும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவன் சொதப்பினால், அவனை எடுக்கச் சொன்னவரே இன்னொரு பருவம் பொறுக்கச் சொல்லுவார். பட்டியலில் இல்லாதவன் சொதப்பினால் எவருடைய மானமும் போவதில்லை.

ஆகவே இருவரும் தங்களுக்காகத் தாங்களே சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. மல்லென் 1979இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணியோடு ஒப்பந்தம் செய்தார். தந்தையின் உடல்நிலையும் வீட்டின் பணத்தேவையும் நெருக்கியதால், பின்பு தங்கம் வென்ற அந்த ஒலிம்பிக் அணிக்கு வந்த அழைப்பைத் துறந்தே கையெழுத்திட்டார். புளூஸ் அவரைச் சால்ட் லேக் சிட்டியின் கிளை அணிக்கு அனுப்பியது. 1980–81இல் அங்கே 80 ஆட்டங்களில் 59 கோல், 117 புள்ளி. அடுத்த பருவத்தில் கிளை அணியில் 21 கோல், பாதியில் மேலே அழைக்கப்பட்டதும் என்எச்எல்லில் 25. ஒரே பருவத்தில் இரண்டு மட்டத்திலும் இருபதைத் தாண்டியவர் அதற்குமுன் இல்லை. கண்ணில் படாதவனுக்கு மருந்து எளிது: மறுக்க முடியாத எண்ணிக்கையில் கோலடித்தால் போதும், கண் திரும்பிவிடும்.

பார்த்துவிட்டு ஒதுக்கியவர்களிடம் அந்த மருந்து வேலை செய்வதில்லை. கிளீவ்லாந்தில் சிறிய லீக்கில் ஆடிய சான் லூயியை 1998இல் கால்கரி ஒப்பந்தம் செய்தது. கிளை அணியான செயின்ட் ஜானில் அவர் புள்ளிகளைக் குவித்தார். மேலே அழைக்கப்பட்டபோதெல்லாம் தற்காப்பு வேலைக்கான கடைசி வரிசையில் நிறுத்தப்பட்டார். இரண்டு பருவங்களில் 69 ஆட்டம், 4 கோல்.

ஒப்பீட்டில் என்னை மிகவும் வியக்கவைத்த முடிச்சு இங்கேதான் விழுகிறது. அப்போது கால்கரியின் பயிற்சியாளர் பிரையன் சட்டர். எண்பதுகளின் தொடக்கத்தில் புளூஸ் அணியில் பெர்னி ஃபெடர்கோவை நடுவில் வைத்து, இடப்புறம் சட்டரும் வலப்புறம் மல்லெனும் ஒரே வரிசையில் ஆடியிருக்கிறார்கள். டிராஃப்டாகாத, குட்டையான ஒரு வலப்புற வீரனால் என்னவெல்லாம் முடியும் என்பதை அரங்கின் இருக்கையிலிருந்து அல்ல, பனித்தளத்தின் மறுவிளிம்பிலிருந்தே பார்த்தவர் சட்டர். அது மட்டுமா? 1989 கோப்பையில் மல்லெனோடு இருந்த, ஐந்தடி ஆறு அங்குலத் தியோ ஃபிளூரி, 1998இல் சான் லூயி வந்தபோதும் கால்கரியில்தான் ஆடிக்கொண்டிருந்தார். குட்டை வீரர்களின் அருமையை இதைவிட அறிந்த அணி லீக்கில் இருந்திருக்க முடியாது. ஆனாலும், சட்டருக்கு நியாயம் சொல்ல வேண்டுமானால், சான் லூயியை வெளியேற்றியவர் அவரல்ல. அதற்குள் அவருடைய வேலையே போயிருந்தது. அனுபவம் என்பது ஓர் ஆளோடு சேர்ந்தே போய்விடுகிறது, அலுவலகம் அதைச் சேர்த்துவைப்பதில்லை என்று மட்டும் சொல்லலாம்.

2000 கோடையில் கொலம்பஸ், மினசோட்டா என்ற இரண்டு புதிய அணிகளுக்காகச் சிறப்புத் தேர்வு நடந்தது. பழைய அணிகள் பாதுகாக்காமல் விட்ட வீரர்களிலிருந்து அவை பொறுக்கிக்கொள்ளலாம். கால்கரி சான் லூயியைப் பாதுகாக்கவில்லை. புதிய அணிகள் இரண்டும் அவரைத் தொடவில்லை. அதாவது இரண்டாவது டிராஃப்டிலும் அவர் பெயர் வாசிக்கப்படவில்லை. கால்கரி ஒப்பந்தத்தைக் காசு கொடுத்து முடித்துக்கொண்டது. சில வாரங்களில் டாம்பா அவரை எடுத்தது. நான்காண்டு கழித்து 94 புள்ளியோடு லீக்கின் முதலிடம், மிகச்சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பை, கூடவே ஸ்டான்லி கோப்பை.

ஆட்டமுறையில் இருவரும் பிரிகிறார்கள். மல்லென் வலக்கை வீச்சுக்காரர். கோல்வாயின் முன் நெரிசலில் புகுந்து, இடிபட்டாலும் விழாமல், துளி இடத்தில் வட்டைத் தள்ளிவிடுவார். அவருடைய புள்ளிகளில் 502 கோல்கள். சான் லூயி வலப்புறம் ஆடிய இடக்கை வீச்சுக்காரர். ஆகவே தளத்தின் நடுப்பகுதி முழுவதும் அவர் மட்டைக்கு நேரே விரிந்து கிடக்கும். ஓரத்தில் நின்று காத்திருந்து பாஸ் கொடுப்பார், காத்திருந்தே சுடுவார். அவருடைய கோல்கள் 391, பாஸ்கள் 642. ஒருவர் முடிப்பவர், மற்றவர் தொடுப்பவர் என்று சொன்னால் பெருமளவு சரி. ஆனால் உச்சம் தொட்ட வயது ஏறக்குறைய ஒன்றே. மல்லெனின் 110 புள்ளிப் பருவத்தில் அவருக்கு 32 ஆயிற்று. சான் லூயி 102 எடுத்தபோது 31. பிறகு 37 வயதில் மீண்டும் லீக்கின் முதலிடத்தைப் பிடித்தார். அந்த வயதில் அதைச் செய்தவர் வேறு எவரும் இல்லை. தாமதமாகத் தொடங்கியவர்கள் சீக்கிரம் ஓய்வதே வழக்கம். இவர்கள் விஷயத்தில் நேர்மாறு.

இன்னொரு ஒற்றுமை நான் எதிர்பாராதது. கண்ணியமான ஆட்டத்துக்கான லேடி பிங் விருதை மல்லென் இரண்டு முறையும் சான் லூயி மூன்று முறையும் பெற்றார்கள். அலட்சியப்படுத்தப்பட்டவர்கள் ஆத்திரத்தோடு ஆடுவார்கள் என்பதே கதைகளின் பழக்கம். இவர்கள் இருவரின் தண்டனை நிமிடங்களையும் ஆட்டங்களுக்குப் பகிர்ந்தால் ஆட்டத்துக்கு அரை நிமிடம்கூட வராது. குணம் என்று இதைச் சொல்லிவிடலாம். எனக்கென்னவோ கணக்கு என்றும் தோன்றுகிறது: பரிந்து பேச ஆளில்லாத வீரன் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்து நேரத்தைச் செலவழிக்கத் துணியமாட்டான். அந்தச் சிக்கனம் புகழ் வந்த பிறகும் கையை விட்டுப் போகவில்லை.

புகழ் வந்த பிறகும் தொடர்ந்தது அது மட்டுமல்ல. கண்ணில் படாதவர் கடைசிவரை பாதி மறைவிலேயே இருந்தார். அமெரிக்காவில் பிறந்தவர்களில் 1,000 புள்ளியை முதலில் தொட்டவர் மல்லென். 500 கோலையும் முதலில் தொட்டவர் அவரே. இருந்தும் அந்நாட்டு ஹாக்கி என்றதும் நினைவில் எழும் முகம், அவர் போகாத அந்த ஒலிம்பிக் அணியின் முகம். ஒதுக்கப்பட்டவரோ விருதுகளுக்குப் பிறகும் ஒதுக்கப்பட்டார். 2010 கனடா ஒலிம்பிக் அணியில் சான் லூயி இல்லை. 2014இலும் முதலில் இல்லை. அணியைத் தேர்ந்தெடுத்த ஸ்டீவ் ஐசர்மேன் அப்போது சான் லூயி ஆடிய டாம்பாவுக்கே பொது மேலாளர். தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த ஸ்டீவன் ஸ்டாம்கோஸ் காயத்தால் விலகியதும், அந்த இடத்தில் சான் லூயி போய்த் தங்கம் வென்று திரும்பினார். திரும்பிய சில நாளிலேயே நியூயார்க் ரேஞ்சர்ஸுக்கு மாற்றப்பட்டார். ஈடாக டாம்பாவுக்குக் கிடைத்தவை ரையன் கேலஹனும் டிராஃப்ட் உரிமைகளும். 1990இல் கால்கரி மல்லெனைப் பிட்ஸ்பர்க்குக்குக் கொடுத்ததும் இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமை ஒன்றுக்குத்தான். பிட்ஸ்பர்க்கில் அவருக்கு மேலும் இரண்டு கோப்பைகள். டிராஃப்டில் இடமில்லாத இருவரையும் டிராஃப்டின் நாணயத்திலேயே விலை பேசினார்கள். ரேஞ்சர்ஸின் அரங்கான கார்டனில் சம்பளம் வாங்கியவரின் மகன் ஜோ மல்லென் அந்த அணியின் சட்டையை ஒருநாளும் அணியவில்லை. லவால் பையன் அதை அணிந்தே ஓய்வு பெற்றான்.

ஹாக்கி புகழ்மண்டபம் இருவரையும் காக்கவைக்கவில்லை. மல்லென் 1997இல் ஓய்வு, 2000இல் நுழைவு. சான் லூயி 2015இல் ஓய்வு, 2018இல் நுழைவு. விதி அனுமதிக்கும் முதல் ஆண்டிலேயே இருவர் பெயரும் வாசிக்கப்பட்டது.

பிறகு இருவரும் பயிற்சிப் பக்கம் போனார்கள். மல்லென் வழக்கம்போலத் துணைப் பயிற்சியாளராக, பிட்ஸ்பர்க்கிலும் பிலடெல்பியாவிலும் பல ஆண்டுகள். சான் லூயி 2022 பிப்ரவரியில் மாண்ட்ரியல் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அங்கே அவருக்குக் கிடைத்தவர்களில் ஒருவர் கோல் காஃபீல்ட். உயரம் கிட்டத்தட்ட சான் லூயியின் உயரமே. அந்தப் பருவத்தில் அதுவரை 30 ஆட்டங்களில் அவர் அடித்தது ஒரே ஒரு கோல். இடையில் லவாலின் கிளை அணிக்கும் அனுப்பப்பட்டிருந்தார். சான் லூயி வந்த பிறகு 37 ஆட்டங்களில் 22 கோல். இதைக் குட்டை வீரனைக் குட்டை வீரன் புரிந்துகொண்ட கதையாகவே எழுதுகிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் காஃபீல்ட் 2019 டிராஃப்டின் முதல் சுற்றில், 15ஆவதாக எடுக்கப்பட்டவர். 30 ஆட்டங்களில் ஒரு கோல் என்பது, கால்கரி பொறுக்காத 69 ஆட்டங்களில் 4 கோலைவிடவும் மோசமான கணக்கு.