குவிமணியும் வெள்ளிக்கூடும் – இலங்கை மணித்தொழில் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

இலங்கையின் இரத்தினங்களைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவை பெரும்பாலும் அரசர்களதும் வணிகர்களதும் வரலாறாகவே அமைந்துள்ளன. மணி எந்த முடியில் இருந்தது, எந்தத் துறைமுகத்தினூடாகச் சென்றது, என்ன விலை பெற்றது என்பனவற்றை அவை கூறுகின்றன. ஆற்றுப் பரலிடையே கிடைத்த மங்கிய கல்லை மணியாக்கிய கைவினைஞனைப் பற்றியோ, அம்மணியை வெள்ளியிற் பதித்து அணியாக்கிய கம்மியனைப் பற்றியோ அவை அரிதாகவே பேசுகின்றன. இவ்விருவரும் ஏடெழுதி வைத்தவர்களல்லர். அவர்களது அறிவு கையிலும் கண்ணிலும் தங்கியிருந்தது. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற பொருள்களும், பிறர் போகிற போக்கில் எழுதிவைத்த குறிப்புகளும் அவ்வறிவின் தன்மையை ஓரளவு உணர்த்துகின்றன. குவிமுக வெட்டு என்னும் ஒரு தொழின்முறையை மட்டும் எடுத்துக்கொண்டு அதனை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குவிமுக வெட்டு

மணியைத் தீட்டும் முறைகள் பொதுவாக இரண்டு. ஒன்று, கல்லின் மேற்பரப்பிற் பல தட்டையான முகங்களை அமைத்து, உட்புகும் ஒளியைத் திருப்பியனுப்பும்படி செய்வது. இதனையே பட்டை தீட்டுதல் என்கிறோம். மற்றையது, அடியைத் தட்டையாகவோ சற்றே புடைத்ததாகவோ விட்டு, மேற்பகுதியைக் கவிழ்த்த கிண்ணம்போல் வழுவழுப்பாகத் தேய்த்தெடுப்பது. இரண்டாவது முறையை ஐரோப்பியர் ‘கபோஷன்’ என்பர். தலையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அப்பெயர் தோன்றியது.

ஐரோப்பாவிலும் இடைக்காலத்தின் பிற்பகுதிவரை அரச முடிகளையும் தேவாலயக் கலங்களையும் அலங்கரித்த மணிகள் பெரும்பாலும் குவிமுக மணிகளே. வைரத்திற்கு முகம் வைக்கும் கலை 14ஆம், 15ஆம் நூற்றாண்டுகளில் வளர்ந்து, 17ஆம் நூற்றாண்டிற் பல முகங்கொண்ட புதிய வெட்டுகளாக மலர்ந்தது. அதன் பின்னரே பட்டை தீட்டிய கல் உயர்ந்ததென்றும், குவிமணி பழைமையான, பண்படாத தொழிலின் எச்சமென்றும் கருதும் வழக்கம் ஏற்பட்டது. இக்கருத்து இலங்கை மணிகளைப் பொறுத்தவரை எவ்வளவு பொருந்தும் என்பது ஆராயத்தக்கது.

பயணிகள் கண்டவை

6ஆம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதிய கொஸ்மஸ், இத்தீவின் கோயிலொன்றன் உச்சியிற் பதிக்கப்பட்டு வெயிலிற் சுடர்விட்ட பெரிய மணியொன்றைக் குறிப்பிடுகிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, இலங்கை மன்னனிடம் ஒரு சாண் நீளமும் மனிதனின் புயத்தளவு பருமனுமான மாணிக்கம் இருந்ததாகவும், சீனப் பேரரசன் ஒரு நகரின் பெறுமதியைத் தர முன்வந்தும் மன்னன் அதனைக் கொடுக்க மறுத்ததாகவும் எழுதினார். இச்செய்திகளில் மிகை கலந்திருக்கலாம். அவை காட்டுவன மணியும் மன்னனுமே, தொழிலாளி அங்கில்லை.

1344இல் இங்கு வந்த இபின் பதூதாவின் குறிப்பு சற்றே வேறுபட்டது. புத்தளப் பகுதியில் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்த அவர், அம்மன்னனிடம் உள்ளங்கையளவான மாணிக்கக் கிண்ணமொன்றில் அகில் தைலம் இருக்கக் கண்டதாகக் கூறுகிறார். நூறு பணத்துக்கு மேற்பட்ட பெறுமதியுள்ள கல்லை அரசன் விலைகொடுத்து எடுத்துக்கொள்வதும், அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவனுக்கே உரியதாவதும் வழக்கம் என்கிறார். இவற்றைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அவரிடம் உண்டு. வெடிப்புள்ள வெண்கல்லினுள்ளே மாணிக்கம் மறைந்திருக்கும் என்றும், அக்கல்லைத் தேய்ப்போரிடம் கொடுக்க, அவர்கள் உள்ளிருக்கும் மணி பிரிந்து வரும்வரை தேய்ப்பர் என்றும் அவர் எழுதினார். மணித்தொழிலாளி ஒரு கணம் தலைகாட்டி மறையும் அரிய இடம் இது.

1681இல் வெளியான றொபேட் நொக்ஸின் நூல், கண்டி இராச்சியத்தின் நிலையைக் காட்டுகிறது. இரத்தினம் உள்ள இடங்களிற் கூரிய கழுக்கள் நடப்பட்டிருந்தன. அவ்வழியே செல்வோர் கழுவேற்றப்படுவர் என்பதற்கு அவை அடையாளமாகும். மணி அரசனின் உடைமை என்ற கோட்பாடு எவ்வளவு கடுமையாகப் பேணப்பட்டது என்பதற்கு இது சான்று. உடைமை பற்றிய இவ்வெழுத்துகளிடையே, தொழில் பற்றிய எழுத்து இல்லாமற் போனதில் வியப்பில்லை.

சாணையும் குருந்தமும்

நீலமும் செம்மாணிக்கமும் ஒரே கனிப்பொருளின் இரு நிறங்கள். அக்கனிப்பொருளை ஆங்கிலேயர் ‘கொரண்டம்’ என அழைப்பது நமது ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து பிறந்ததாகும். கடினத்தன்மையில் வைரத்துக்கு அடுத்த நிலையில் உள்ள இக்கல்லைத் தேய்க்க அதன் தூளே உதவுகிறது. மேலைநாட்டார் பெயரையும் இப்பகுதி மக்களிடமிருந்தே பெற்றனர் என்பது, தொழிலறிவு எங்கிருந்தது என்பதற்கான மொழிச்சான்று எனலாம். பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணத்தோடு இணைத்துக் கருதப்படும் கொடுமணலில் 1985 முதல் நடைபெற்ற அகழாய்வுகள் மணிசெய் தொழிலின் எச்சங்களை வெளிப்படுத்தின. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மணிகளின் குணங்குற்றங்களை நுணுக்கமாக வகுத்துரைக்கிறது. எனினும், அங்கும் நாம் கேட்பது மணியை மதிப்பிடுவோரின் மொழியே; தீட்டுவோரின் மொழியன்று.

இலங்கையில் வழங்கிய மரபுச் சாணையைச் சிங்களத்தில் ‘ஹனபொருவ’ என்பர். மரச்சட்டத்திற் கிடையாகப் பொருத்தப்பட்ட அச்சு, அதன் முனையிற் செங்குத்தாகச் சுழலும் வட்டத்தட்டு, அச்சைச் சுற்றிய நாணோடு கூடிய வில் ஆகியனவே அதன் உறுப்புகள். தொழிலாளி ஒரு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுக்கத் தட்டு இருபுறமும் மாறிமாறிச் சுழலும். மற்றக் கையாற் கல்லை அதன்மீது பிடிப்பான். தட்டிற் கற்பொடியும் நீரும் பூசப்படும். கருவி எளியது, கையின் வேலையோ எளிதன்று. கல்லை ஓரிடத்தில் நிறுத்தாது இடையறாது உருட்டிக்கொண்டிருந்தாலே வளைவு சீராக அமையும். அழுத்தம் சற்று மிகுந்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பின்னர் முழுக் கல்லையும் அதற்கேற்பக் குறைக்க நேரிடும்.

இத்தொழிலில் நெடுங்காலம் முன்னின்றோருள் பேருவளை, காலி முதலிய இடங்களில் வாழ்ந்த, தமிழைப் பேசுமொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் குறிப்பிடத்தக்கவர்கள். சப்பிரகமுவவின் வயல்களிற் குழி தோண்டியோர் பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். கண்டிப் பகுதியில் அணி செய்தோர் நவந்தன்ன எனப்படும் கம்மியர் குலத்தவர். ஒரு மணிமோதிரம் பல வேளைகளில் இம்மூன்று சமூகத்தாரின் கைகளினூடாகவும் சென்றே முழுமை பெற்றது என்பது ஈண்டு நோக்கற்பாலது.

கல்லினுள் இருக்கும் ஒளி

குவிமுக வெட்டுப் பண்படாத தொழில் என்ற கருத்துக்கு மறுமொழி கல்லின் உள்ளமைப்பிலேயே உண்டு. சில நீலக்கற்களினுள் உரூத்தைல் என்னும் கனிப்பொருளின் மிக நுண்ணிய ஊசிகள் மூன்று திசைகளில் ஒழுங்காகப் படிந்திருக்கும். ஒளி இவ்வூசிகளிற் பட்டுத் திரும்பும்போது ஆறு கதிர்கொண்ட நட்சத்திரம் தோன்றுகிறது. வைடூரியத்தில் ஊசிகள் ஒரே திசையிற் கிடப்பதால் பூனைக்கண் போன்ற ஒற்றைக் கோடு தோன்றும். மீட்டியாகொடையிற் கிடைக்கும் சந்திரகாந்தக்கல்லில் மெல்லிய படைகள் ஒளியைச் சிதறச்செய்து நீலங்கலந்த வெண்ணிலவை மிதக்கவிடுகின்றன.

இத்தகைய கற்களுக்குப் பட்டை தீட்டினால் நட்சத்திரமும் கோடும் சிதைந்துவிடும். வளைந்த மேற்பரப்பு ஒன்றே சிதறிய ஒளியை ஒருங்குகூட்டிக் காட்டவல்லது. அன்றியும், அடித்தளம் ஊசிகள் கிடக்கும் தளத்துக்குச் சமாந்தரமாக அமைதல் வேண்டும்; சற்றே சரிந்தாலும் நட்சத்திரம் நடுவிலிருந்து விலகிவிடும். கரடான கல்லை வெயிலிற் பிடித்து, நீர்பட்ட பரப்பில் மினுக்கம் ஓடும் திசையைக் கண்டு, மணியின் உச்சி எங்கே அமையும் என்று முதலிலேயே முடிவுசெய்ய வேண்டியவன் தொழிலாளி. பளிங்குகளின் அமைப்புப் பற்றிய விஞ்ஞானம் தோன்றுமுன்னரே அவ்வமைப்புக்கு இசைய வெட்டத் தெரிந்திருந்தவர்களின் தொழிலைப் பண்படாதது எனல் பொருந்தாது.

நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலையிலுள்ள ‘இந்திய நட்சத்திரம்’ என்னும் நீலக்கல் ஏறத்தாழ 563 கரற் நிறையுடையது. பெயர் எதுவாயினும் அது இலங்கைக் கல்லே. 1900இல் அதனை நூதனசாலைக்கு வழங்கிய செல்வரின் பெயரும், 1964இல் அதனைத் திருடியோரின் பெயர்களும் யாவரும் அறிந்தவை. அதன் குவிமுகத்தைத் தீட்டியவரின் பெயரோ அக்கல்லின் புகழோடு வந்து சேரவில்லை.

வெள்ளிக்கூடு

குவிமணியின் வடிவம் அதனைப் பதிக்கும் முறையையும் தீர்மானித்தது. கம்மியன் முதலில் மணியின் சுற்றளவுக்கு ஏற்ப மெல்லிய வெள்ளிப் பட்டியொன்றை வளைத்து, முனைகளைப் பற்றாசும் வெண்காரமும் இட்டு ஊதுகுழற் சுடரிற் பொருத்துவான். அவ்வளையத்தை வெள்ளித் தகட்டின்மீது ஒட்டியதும் சிறு கூடு அமையும். மணியை அதனுள் வைத்துப் பட்டியின் விளிம்பைச் சுற்றிச்சுற்றி அழுத்தினால், வெள்ளி மணியின் தோள்மீது படிந்து அதனை இறுகப் பற்றிக்கொள்ளும். குவிமணியின் சரிந்த தோளே இப்பிடிப்புக்கு ஆதாரம். எதிரெதிராக அழுத்தாது ஒரே பக்கமாக அழுத்தினால் மணி சாய்ந்துவிடும். வெள்ளி கடினமாயிருந்தால் விளிம்பு மடியாது, மணியும் விளிம்பிற் சிதறக்கூடும்.

எனவே வெள்ளியின் தூய்மை இங்கு தொழில்சார்ந்த தேவையாகிறது. இது தொடர்பாக நொக்ஸ் தரும் செய்தியொன்று பயனுள்ளது. அக்காலத்திற் கண்டி மக்கள் தூண்டில்முள் வடிவான வெள்ளி நாணயத்தை அரச அனுமதியோடு தாமே செய்துகொண்டனர். வெள்ளியில் ஐயம் ஏற்பட்டால் அதனைச் செந்தணலாகச் சுட்டு நீரில் இடுவர். தூய வெண்மையாகத் தோன்றாவிடின் ஏற்கமாட்டார். வெள்ளியின் தரத்தைத் தீயிலிட்டுக் காணும் அறிவு பட்டறைக்கு வெளியிலும் பரவியிருந்தது என்பது இதனாற் புலனாகும்.

இக்கைவினைகளை முதன்முதல் முறையாக ஆராய்ந்தோருள் தலையாயவர் ஆனந்த குமாரசுவாமி. இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராயிருந்த அவர், கல்லைத் தேடிக் கிராமங்களுக்குச் சென்றபோது கம்மியரையும் கண்டார். 1908இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்னும் நூல், அரண்மனையிலன்றிப் பட்டறையிலிருந்து வரலாறு எழுத முடியும் என்பதைக் காட்டியது.

பாலும் நீலமும்

தொழிலாளரைப் போற்றுவதால் அவர்தம் குறைகளை மறைத்தல் ஆகாது. நிறை குறையாதிருக்க அடிப்பகுதியைத் தடிப்பாக விடுவது இங்கு வழக்கமாயிருந்தது. ஐரோப்பிய வணிகர் ‘சுதேச வெட்டு’ எனப் பழித்து அக்கற்களை மீண்டும் வெட்டியதற்கு இதுவும் ஒரு காரணமாகும். நிறைக்கு விலை பேசும் சந்தையில் நிறையைப் பேணியது தொழிலாளியின் அறியாமையன்று. ஆயினும் அது அழகைக் குறைத்தது உண்மையே.

இதனிலும் பெரிய இழப்பு 1970களில் நேர்ந்தது. பால்போல் மங்கிய ‘கெவுட’ என்னும் குருந்தக் கற்கள் இங்கு அற்பவிலைக்கு விற்கப்பட்டன. தாய்லாந்து வணிகர் அவற்றை வாங்கிச்சென்று 1500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திற் சூடாக்கினர். கல்லை மங்கச்செய்த உரூத்தைல் கரைந்து, அதிலுள்ள தைத்தேனியம் இரும்போடு சேர, கல் தெளிந்த நீலமாயிற்று. ஒழுங்காகப் படிந்தால் நட்சத்திரம் தரும் அதே பொருளே, கரைந்தால் நீலம் தந்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டிருந்தும் இவ்விழப்பு உடனே தடுக்கப்படவில்லை.

தீயால் மணியைத் திருத்தும் அறிவு இலங்கையருக்குப் புதியதன்று. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, இங்குள்ளோர் மாணிக்கத்தைக் கரிநெருப்பிலிட்டு நிறம் மேம்படச்செய்ததைப் போர்த்துக்கீசரான பார்போசா குறித்துள்ளார். ஊதுகுழல் நெருப்பின் வெப்பம் கெவுடவுக்குப் போதாது என்பது உண்மை. ஆனால் அவ்வறிவு தந்தையிடமிருந்து மகனுக்கு மறைவாகவே சென்றது. எழுதப்படவில்லை, ஆய்வுகூடத்தைச் சந்திக்கவுமில்லை. கண்டறிவதற்கு மிக அருகில் நின்றவர்கள் கல்லை விற்றுவிட்டனர்.

முடிவுரை

இன்று பெரும்பாலான பட்டறைகளில் வில்லின் இடத்தை மின்பொறி பிடித்துள்ளது. அதனாற் கவலைப்படத் தேவையில்லை. கருவி மாறுவது தொழிலின் இயல்பு. கவலைக்குரியது, கருவியோடு சேர்ந்து அறிவும் பதிவின்றி மறைவதே. குவிமணியின் உச்சி எங்கே அமையவேண்டும் என்று வெயிலிற் பார்த்துச் சொல்லும் முதியவர் ஒருவர் நமக்கு ஓர் ஆவணமாவார். கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடிச் செல்லும் வரலாற்று மாணவர், சீனங்கோட்டைக்கும் மீட்டியாகொடைக்கும் கண்டிக் கிராமங்களுக்கும் சென்று இவ்வாவணங்களையும் படிக்க வேண்டும். கெவுட தந்த பாடம் அதுவே: எழுதப்படாத அறிவு, உரியவரின் கையிலிருக்கும்போதே பிறருக்குரியதாகிவிடக்கூடும்.