காதிரைச்சல்: மூளை ஸ்கேன் எதைக் காட்டும், எதைக் காட்டாது?

வெளியில் எந்த ஒலியும் இல்லாதபோது காதில் ரீங்காரமோ சீழ்க்கையோ கேட்டுக்கொண்டிருப்பது காதிரைச்சல் எனப்படுகிறது. மருத்துவர்கள் இதை டின்னிடஸ் என்பர். உலகில் 74 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இது இருப்பதாகவும், 12 கோடிக்கும் அதிகமானோர் கடுமையாக அவதிப்படுவதாகவும் 2022-இல் ஜாமா நியூராலஜி இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

கர்நாடகத்தின் மேல்கோட்டை வட்டாரத்தில் ஒருவருக்கு இத்தொல்லை ஏற்பட்டால், அவர் நாடக்கூடிய பெரிய நிறுவனம் சுமார் 50 கி.மீ. தொலைவில் மைசூருவில் உள்ளது. 1965-இல் தொடங்கப்பட்ட அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமே அது. ஆயினும் எங்கு சென்றாலும், இரைச்சல் எத்தகையது என்பதை நோயாளியின் வாய்மொழியாகவே அறிய வேண்டியுள்ளது. பல ஒலிகளை ஒலிக்கச் செய்து, எது ஒத்திருக்கிறது என்று அவரிடமே கேட்கின்றனர். உறக்கமிழந்து தவிப்பவரின் இரைச்சல்கூட, இவ்வாறு ஒப்பிடும்போது, அவரது கேட்கும் எல்லையைவிடச் சில டெசிபல் மட்டுமே கூடுதலாக இருப்பதுண்டு. வீட்டார் நம்ப மறுப்பதில் வியப்பில்லை.

இதனால்தான் ஆய்வாளர்கள் மூளையை நோக்கினர். தாடையை அசைத்து இரைச்சலைக் கூட்டவோ குறைக்கவோ வல்ல நால்வரை அமெரிக்காவின் பஃபலோ நகர ஆய்வாளர்கள் பெட் ஸ்கேன் மூலம் ஆராய்ந்து, 1998-இல் முடிவுகளை வெளியிட்டனர். வெளியொலி ஒரு காதில் நுழைந்தால் மூளையின் இருபுறமும் கேட்டல் பகுதிகள் தூண்டப்படும். இவர்களிடமோ இரைச்சல் மாறியபோது ஒருபுறம் மட்டுமே மாற்றம் தெரிந்தது. இரைச்சலின் பிறப்பிடம் உட்செவியன்று, மூளையே என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்த்தது.

மூளையின் இரத்த ஓட்ட மாற்றங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேனில் வேறொரு சிக்கல். அக்கருவியே 100 டெசிபல் அளவுக்கு இரைவதால் கேட்டல் பகுதி தூண்டப்பட்டுவிடுகிறது. காதிரைச்சலை ஆராய இதைவிடப் பொருந்தாத இடம் அரிது. எனவே இடைவெளி விட்டுப் படமெடுக்கின்றனர். ஓசையின்றி, அகச்சிவப்பு ஒளியால் மூளையை அளக்கும் முறையை மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2020-இல் சோதித்தனர். காதிரைச்சல் உள்ளவர்களை அது 78.3 சதவீதத் துல்லியத்துடன் இனங்கண்டது. ஆனால் பங்கேற்ற நோயாளிகள் 25 பேரே.

ஆகவே, காதிரைச்சலை உறுதிசெய்யும் ஸ்கேன் இன்று எந்த மருத்துவமனையிலும் வழக்கத்தில் இல்லை. வழக்கமான ஸ்கேன் தேடுவது கட்டி, இரத்தக்குழாய்க் கோளாறு போன்றவற்றையே. ஒரு காதில் மட்டும் இரைச்சல், நாடித்துடிப்போடு இயைந்த ஒலி, இரு காதுகளின் கேட்புத்திறனில் வேறுபாடு, நரம்புக் குறைபாட்டின் அறிகுறி ஆகியவற்றில் ஒன்றேனும் இருந்தாலன்றி அது தேவையில்லை என அமெரிக்கக் காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களின் 2014-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது.