கொச்சி யூதரின் மகிழ்ச்சிப் பாடல்கள்

பலர் ஒருங்குகூடி ஒரு குரலாய்ப் பாடி இறைவனை ஏத்தும் வழக்கம் பல சமயத்தார்க்கும் உண்டு. எனினும் அம்மகிழ்ச்சியைத் துயரின் நடுவே காத்துக்கொண்ட கூட்டத்தாருள் யூதர் தலைநிற்பர். எருசலேமில் அவர்தம் ஆலயம் நிலைபெற்றிருந்த காலத்தே, லேவியர் என்னும் குடியினர் யாழும் கைத்தாளமும் இயையச் சங்கீதங்களைப் பாடி வந்தனர். கி.பி. 70-இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தனர். அத்துயரின் அடையாளமாகத் தொழுகைக் கூடங்களில் இசைக்கருவிகள் ஒழிந்தன, மிடற்றிசையே எஞ்சிற்று. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாந்துவா நகரத்து சலமோனே ரோசி என்பார் எபிரேயப் பாடல்களுக்குப் பல்குரல் அமைப்பில் இசை வகுத்து வெனிசில் அச்சிட்டபோது, ஆலயம் இழந்தார்க்கு இத்தகைய இன்பம் தகுமோ என்னும் ஐயம் எழுந்தது. லியோன் மோதெனா என்னும் யூத ஆசிரியர் அதற்கு விடைகூறி அவ்விசையை ஆதரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியன்னாவில் சுல்சரும், பெர்லினில் லெவந்தோவ்ஸ்கியும் அந்நெறியை வளர்த்தமை இசைவல்லார் அறிந்ததே.

ஐரோப்பாவினும் நமக்கு அணித்தாயது சேரநாட்டுக் கடற்கரை. பிற்காலத்தே நாஞ்சில் நாட்டைத் தன் ஆட்சியுட் கொண்ட வேணாட்டில், கி.பி. 849-இல் ஐயனடிகள் திருவடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு அளித்த செப்பேட்டில் அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழு குறிக்கப்பெறுகிறது. அதில் எபிரேய எழுத்தில் இட்ட சான்றொப்பங்களும் உள. கி.பி. 1000-ஐ ஒட்டிப் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர வேந்தன் முயிரிக்கோட்டிலிருந்து சோசப்பு இரப்பானுக்கு வட்டெழுத்திற் பொறித்தளித்த செப்பேடு இன்னும் சுவையுடையது. பகல்விளக்கு, குடை, தோரணம் முதலிய சிறப்புகளோடு வடுகப்பறையும் காகளமும் அவனுக்கு உரிமையாயின. பறையும் ஊதுகருவியும் வேந்தன் கொடுத்தாலன்றிக் குடிகளுக்கு எளிதிற் கிடையாத காலம் அது என்பதை உன்னினால், இக்கொடையின் அருமை விளங்கும்.

கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் எழுந்த பரதேசி யூதப்பள்ளி அரண்மனையை அடுத்தே உள்ளது. 1662-இல் போர்ச்சுகீசியர் அதனைத் தாக்கி அழிவு செய்தனர். அடுத்த ஆண்டு கொச்சி ஒல்லாந்தர் கைப்பட்ட பின்னர் யூதர் மீண்டும் தழைத்தனர். அவர்தம் விழாப் பாடல்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறின. நாஞ்சில் நாட்டவர் கருதற்பாலதொரு செய்தியும் உண்டு: பதுமநாபதாசராகிய திருவிதாங்கூர் மன்னர் இப்பள்ளியின் தோரா ஏட்டுச்சுருளுக்குப் பொன்முடி வழங்கினார். வேற்றுச் சமயத்தாரின் வேதத்துக்கு முடிசூட்டிய அரசரைப் பிறநாட்டு வரலாறுகளில் தேடித்தான் காணவேண்டும்.

இவர்தம் மகிழிசையின் உச்சம் சிம்ஹத் தோரா என்னும் திருநாளில் விளங்கும். தோராவை ஓதி முடித்து மீளத் தொடங்கும் நாள் அது. பெயரின் பொருளே தோராவின் மகிழ்ச்சி என்பதாம். ஏனைய நாட்டு யூதர் சுருள்களை ஏந்திக் கூடத்தினுள்ளே ஏழுமுறை சுற்றுவர். கொச்சியாரோ பிற்பகலில் அவற்றை வெளியே எடுத்துப் பள்ளியைச் சூழ்ந்தும் பாடி வலம் வந்தனர். சுசீந்திரத்து மார்கழித் தேரோட்டத்தைக் கண்டு வளர்ந்தார்க்கு இவ்வலம் புதுமையாய்த் தோன்றாது. அண்டை வீட்டாரின் திருவிழாவைப் பன்னூறாண்டு கண்ட கண்கள் தாமும் அதிற் சிறிது கற்றிருத்தல் இயல்பே.

இன்னொரு சிறப்பு மகளிர் பாட்டு. பெண்குரலை ஆடவர் கேட்டலாகாது என்னும் விலக்கு யூதருட் பலவிடத்தும் வலியுற்றிருந்தது. கொச்சியில் அவ்விலக்கு இறுகவில்லை. மகளிர் எபிரேயப் பாடல்களை ஆடவரோடு சேர்ந்தும் பாடினர். இவையன்றி மலையாள மொழியில் அவர்க்கேயுரிய பாடல்கள் இருநூற்றுக்கு மேற்பட்டன உள. திருமணப் பாட்டு, வேதக்கதைப் பாட்டு, ஒவ்வோரூர்ப் பள்ளியின் சிறப்பைக் கூறும் பாட்டு, கிளியை விளித்துப் பாடும் பாட்டு எனப் பலதிறப்படும். இவற்றிற் சில, சேரநாட்டுக் கிறித்தவரின் கலியாணப் பாட்டுகளோடு ஒத்த நடையுடையன. மகளிர் இவற்றைத் தம் கையேடுகளில் எழுதித் தாயிடமிருந்து மகளுக்கு வழிவழி அளித்தனர். பழஞ்சொற்கள் பல விரவியிருத்தலின் சிலவரிகளின் பொருள் பாடியோர்க்கே விளங்காதிருந்தது. ஆயினும் இசையும் களிப்பும் குன்றவில்லை.

1948-இல் இசுரவேல் நாடு தோன்றியது. 1950-களில் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு பேராகிய இம்மக்களிற் பெரும்பாலோர் அங்குக் குடிபெயர்ந்தனர். எவரும் துரத்தவில்லை, தாம் பாடியிருந்த சீயோனை நாடியே சென்றனர். அங்கே பிறந்த பிள்ளைகள் எபிரேயம் பேசலாயினர். மலையாளம் பாட்டிமார் வாயளவில் நின்றது. பாடலே அற்றொழியும் நிலை வந்தபோது, 1970-களிலிருந்து பி. எம். ஜுஸ்ஸே, பார்பரா ஜான்சன் முதலிய அறிஞர் மூதாட்டியரிடமிருந்த கையேடுகளைத் திரட்டியும், அவர் குரலைப் பதிவுசெய்தும் காத்தனர். தில்லையில் செல்லரித்த ஏடுகளிலிருந்து தேவாரத்தை மீட்ட வரலாற்றை அறிந்த சைவர்க்கு இப்பணியின் அருமையைக் கூறவேண்டுவதில்லை. ஸ்கறியா சக்கரியாவும் ஓஃபிரா கம்லியேலும் தொகுத்த ‘கார்குழலி’ என்னும் நூல் 2005-இல் எருசலேமில் வெளிவந்தது. அதில் மலையாளப் பாடல்கள் எபிரேய மொழிபெயர்ப்புடன் அமைந்துள்ளன. பாட்டியின் பாட்டைப் பேர்த்தி தன் மொழியில் பொருளறிந்து படிக்கலாயிற்று.