பெரிய ஹோட்டலில் குடும்பத்தோடு சாப்பிடப் போவது வொர்த்தா? 5% வரியா, 18% வரியா... பில் எகிறுவது எங்கே? முழு விவரம்!

பிறந்தநாள், கல்யாண நாள், தீபாவளி போனஸ் கைக்கு வந்த வாரம்... "இன்னைக்கு வெளிய சாப்பிடலாமா?" என்ற பேச்சு வீட்டில் எழுந்தால், காரியாபட்டியில் ரொம்ப நாளாக இருந்த பதில் பரோட்டா கடைதான். இப்போது போனைத் திறந்தாலே மதுரை பெரிய ஹோட்டல்களின் 'சண்டே லன்ச் பஃபே' விளம்பரம் வந்து நிற்கிறது. அருப்புக்கோட்டை நான்குவழிச்சாலையில் ஏறினால் ஏறக்குறைய 30 கி.மீ.யில் மதுரை. போய்ச் சாப்பிடலாமா? அந்தக் காசுக்கு அது தகுமா?

முதலில் ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம்மூரில் 'ஹோட்டல்' என்றால் சாப்பாட்டுக் கடை. தங்குற இடம் 'லாட்ஜ்'. 1981-ல் சென்னை கே.கே.நகரில் தொடங்கிய சரவண பவனுக்கும் பெயர் 'ஹோட்டல்'தான், அங்கே ரூம் கிடையாது. இந்தக் கட்டுரை பேசுவது ரூமும் இருக்கிற, அதற்குள்ளேயே ரெஸ்டாரண்ட்டும் நடத்துகிற பெரிய ஹோட்டல்களைப் பற்றி. இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால் வரி அதைப் பார்த்துத்தான் மாறுகிறது.

ஏசி ஹால் என்றால் வரி அதிகமா?

இல்லை. ஆனால் இன்னமும் பலர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணமும் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி இல்லாத ஹோட்டலுக்கு 12%, ஏசி ஹோட்டலுக்கு 18% என்றுதான் இருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் அது போய்விட்டது. ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதாரண உணவகத்துக்கு 5% மட்டுமே.

18% இப்போது எங்கே என்றால், ரூம் வாடகை ஒரு நாளைக்கு 7,500 ரூபாய்க்கு மேல் போகிற ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரண்ட்டில். சாப்பிட வருபவர் அங்கே தங்க வேண்டும் என்றில்லை. ஒரு காபி குடித்துவிட்டு எழுந்து வந்தாலும் அதே 18% தான்.

2025 ஏப்ரல் 1 முதல் இதில் ஒரு மாற்றம். போர்டில் எழுதி வைத்திருக்கும் வாடகையைப் பார்க்காமல், முந்தைய நிதியாண்டில் உண்மையில் வாங்கிய வாடகையைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு ரூமையாவது 7,500-க்கு மேல் விட்டிருந்தால் 18% பிரிவுக்குள் வந்துவிடும். ஹோட்டலே விரும்பி இந்தப் பிரிவுக்குள் வரவும் வழி இருக்கிறது. அதனால் ஒரே சாலையில், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஹோட்டல்களில் ஒன்றில் 5%, இன்னொன்றில் 18% என்று பில் வரலாம். மெனு கார்டில் 'வரி தனி' என்று பொடி எழுத்தில் இருக்கும். டேபிள் புக் பண்ணும்போதே "ஜிஎஸ்டி எவ்வளவு?" என்று கேட்டுவிடுவதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

உதாரணத்துக்கு நான்கு பேர் சாப்பிட்டு 2,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 5% வரியில் 2,100. 18% வரியில் 2,360. அதே பில்லில் 10% சர்வீஸ் சார்ஜும் சேர்த்துவிட்டால், அதற்கும் சேர்த்துத்தான் வரி விழும்: 2,596. முதல் பில்லுக்கும் கடைசி பில்லுக்கும் வித்தியாசம் 496 ரூபாய். ஊரில் ஒரு குடும்பமே பரோட்டா, ஆம்லெட், சால்னா என்று திருப்தியாகச் சாப்பிட்டுவிடும் காசு அது.

சர்வீஸ் சார்ஜ் கட்டியே ஆகணுமா?

வேண்டாம். ஹோட்டலும் ரெஸ்டாரண்ட்டும் தாமாகவே பில்லில் சர்வீஸ் சார்ஜ் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதை எதிர்த்து ஹோட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போயின. 2025 மார்ச் 28-ல் தீர்ப்பு வழிகாட்டுதலுக்கு ஆதரவாகவே வந்தது. பரிமாறியவருக்கு விருப்பப்பட்டு டிப்ஸ் வைப்பது வேறு விஷயம், அது கொடுப்பவர் இஷ்டம்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் நிலைமை நேர் எதிர். உட்கார்ந்து சாப்பிடும் இடத்தில் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பர் 12-ல் சொல்லிவிட்டது. இடம், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த விலை அது என்பது வாதம். எனவே உட்கார்ந்ததும் "மினரலா, ரெகுலரா சார்?" என்று கேட்டால், யோசித்துப் பதில் சொல்வது பர்ஸுக்கு நல்லது.

சரி, ருசி எப்படி?

உண்மையைச் சொன்னால், நம்மூர்ப் பண்டங்களுக்காகப் பெரிய ஹோட்டலுக்குப் போவது வீண். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லில் போடாமல் எண்ணெயில் பொரித்து எடுப்பது. பர்மா கடை மாதிரி பெயர் வாங்கிய இடங்களில் மாலையில் கூட்டம் நிற்பதால், பரோட்டா சட்டியிலிருந்து நேராக இலைக்கு வருகிறது. ஆறி, நமுத்துப்போக அதற்கு நேரமே இல்லை. மதுரையில் கறி தோசைக்குக் கோனார் கடையைச் சொல்வதும் அப்படித்தான். ஒரு அடுப்பு, இரண்டு மூன்று பண்டம், நாள் முழுக்க அதே வேலை. கை பழகிவிடுகிறது, சரக்கும் தேங்குவதில்லை.

ரூம் போடும் ஹோட்டலின் சமையலறைக்குத் தலைவலி வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து இறங்கும் வடமாநில வியாபாரிக்கும் சாப்பாடு வேண்டும், காலையில் கோயிலுக்குப் போகும் வெளிநாட்டுக்காரருக்கும் வேண்டும். அதனால் மெனு பத்துப் பக்கம். பத்துப் பக்கத்தையும் தினம் புதிதாகச் சமைக்க யாராலும் முடியாது. அடிப்படை கிரேவிகளைச் செய்து வைத்துக்கொண்டு, ஆர்டர் வந்ததும் தாளித்துக் கொடுப்பார்கள். தப்பில்லை, ஆனால் பனீரும் கோழியும் ஒரே ருசியில் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். ரொட்டி, தால், தந்தூரி வகைகள் தங்குபவர்களுக்காகவே தினம் ஓடும். அவற்றை நம்பி ஆர்டர் பண்ணலாம். சிவகாசி போல வெளிமாநில வியாபாரிகள் வந்து தங்கிப் போகும் ஊர்களிலும் இதே கதைதான்.

பஃபே கணக்கு இன்னும் தனி. நன்றாகச் சாப்பிடும் இரண்டு காலேஜ் பசங்க இருக்கும் வீட்டுக்கு அது லாபம். இரண்டு இட்லியோடு எழுந்துவிடும் பாட்டிக்கும் அதே தலைக்கட்டு என்றால் நஷ்டம்தான். குழந்தைகளுக்கு எந்த வயது வரை பாதி விலை, வயதானவர்களுக்குத் தனியாக ஆர்டர் பண்ணலாமா என்று முன்பே கேட்க வேண்டும். மீந்ததைப் பார்சல் கட்டித் தர மாட்டார்கள். காலை பஃபே பற்றிப் பலருக்குத் தெரிவதில்லை. தங்குபவர்களுக்காக எப்படியும் நிறையச் சமைப்பதால் எல்லாம் சூடாக இருக்கும். வெளியாட்களும் காசு கொடுத்துச் சாப்பிட முடியுமா என்பதை மட்டும் போனில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்போ எதுக்குத்தான் போறது?

உட்காருவதற்கு. கிண்டல் இல்லை, நிஜமாகவே அதற்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூட்டமான சாப்பாட்டுக் கடையில், நாம் ரசம் ஊற்றும்போதே அடுத்த ஆள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பார். பெரிய ஹோட்டலில் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் முதல்முறை சந்திக்கிறார்கள், யார் வீட்டிலும் வேண்டாம், பொதுவான இடமாக இருக்கட்டும் என்றால் இது தோதான இடம். முட்டி வலி இருக்கும் அம்மா, சக்கர நாற்காலியில் வரும் தாத்தா, பால் குடிக்கும் குழந்தை என்று கூட்டிப்போகும் வீடுகளுக்கு லிஃப்ட், சாய்தளம், சுத்தமான வெஸ்டர்ன் டாய்லெட் எல்லாம் ருசியைவிடப் பெரிய விஷயம்.

சில இடங்களில் இடமே காட்சிப்பொருள். கோச்சடையில் இருக்கும் ஹெரிடேஜ் ஹோட்டல், 1970-களில் கோட்ஸ் நூல் ஆலை நிர்வாகத்தினரின் கிளப்பாக இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. பசுமலை மேலே இருக்கும் தாஜ் குழும ஹோட்டலில் தோட்டமும், கீழே விரியும் மதுரையும்தான் கறியைவிடப் பேசப்படும். கொடுக்கும் காசில் பாதி அந்த மரநிழலுக்கு என்று தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

இன்னொரு செலவைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. கார் இல்லாத வீடு என்றால் மாட்டுத்தாவணியில் இறங்கி, அழகர்கோவில் சாலைக்கோ பசுமலைக்கோ போக வர ஆட்டோ. ராத்திரிச் சாப்பாடு என்றால் திரும்பி வர பஸ் இருக்கிறதா என்பதும் கவலை. இந்த ஊர்க்காரர்களுக்கு மதிய நேரமே வசதி. பார் இருக்கும் ஹோட்டல் என்றால், சாப்பாட்டு ஹால் தனியாக இருக்கிறதா என்பதையும் விசாரித்துக்கொள்ளலாம்.

பில்லில் என்ன பார்க்கணும்?

ஜிஎஸ்டி எண், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இரண்டும் இருக்க வேண்டும். உரிம எண்ணை பில்லில் போடுவது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். வரி இரண்டு வரியாகப் பிரிந்து, 2.5 + 2.5 என்றோ 9 + 9 என்றோ இருக்கும். இணக்க வரித் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது. பெரிய ஹோட்டல் பயத்தில் இதைக் கவனிக்கிறவர்கள், ஊர்க் கடையில் கவனிப்பதில்லை. சர்வீஸ் சார்ஜ் சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் கொடுக்கலாம். பில்லை மட்டும் கசக்கிப் போட்டுவிடக் கூடாது.